பிலார் ஊரில் மட்டும் அமுங்காத பட்டன்

சூனில்தா அயாலாவுக்குத் தன்மேல் இருந்த நம்பிக்கையில் பாதி எனக்கு இருந்திருந்தால் இந்நேரம் அசுன்சியோன் நகரத்தையே விலைக்கு வாங்கியிருப்பேன். இணையப் பக்கங்கள் செய்கிற எங்கள் சின்ன அலுவலகத்தில் அவளுக்கு ஒரே வேலைதான். நான் வரைந்து கொடுக்கிற பக்கம் எந்த பிரவுசரில் திறந்தாலும் ஒரே மாதிரி ஓட வேண்டும். ஓட வைப்பாள். அதற்காகவே அவள் மேஜையைச் சுற்றிப் பழைய கம்ப்யூட்டர்கள் வரிசையாக நின்றன. அதில் ரொம்பப் பழைய பிரவுசருக்கு அவள் வைத்த பெயர் மாமியார். மற்றதெல்லாம் வாயை மூடிக்கொண்டு இருக்கும், அது மட்டும் குற்றம் கண்டுபிடிக்கும்.

"புது பிரவுசர் போட்டுக்கோங்கன்னு பக்கத்து மேல ஒரு வரி எழுதிட்டா முடிஞ்சுதே?" என்று எங்கள் முதலாளி தெர்லிஸ் அடிக்கடி கேட்பார்.

"எழுதலாம் சார். கூடவே ஊர்ல எல்லாருக்கும் புது கம்ப்யூட்டரும் வாங்கிக் குடுத்துடுங்க" என்பாள். அவர் தெரெரே என்கிற குளிர்ந்த மூலிகைப் பானம் நிரம்பிய குவளையைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுவார்.

இரண்டாயிரத்துப் பதிமூன்றில் கல்வி அமைச்சகத்துக்காக, ஆசிரியர்கள் இடமாற்றம் கேட்பதற்கான பக்கத்தை நாங்கள் செய்தோம். கடைசி நாளான வெள்ளிக்கிழமை நண்பகலோடு அது மூடிவிடும். அந்த வெள்ளிக்கிழமை காலையில் பிலாரிலிருந்து ஒப்துலியா என்ற டீச்சர் போன் செய்தார். சின்ன மகளைத் தூரத்துக் காகுபே ஊரில் தங்கையிடம் விட்டுவிட்டு, வருஷக்கணக்கில் பிலாரில் பாடம் நடத்துகிறவர். இந்தத் தடவை காகுபேயிலேயே ஓர் இடம் காலி. தகுதி வரிசையில் இவர்தான் முதல். விண்ணப்பம் போய்ச் சேர்ந்தால் போதும், மகளோடு இருக்கலாம். ஆனால் 'அனுப்பு' என்ற பட்டனை அமுக்கினால் எதுவுமே நடக்கவில்லை. பள்ளிக்கூடத்திலும் சரி, கடைத்தெரு நெட் சென்டரிலும் சரி, அங்கே இருந்ததெல்லாம் அந்த மாமியார் பிரவுசர்தான்.

"பொண்ணே, திங்கக்கிழமையிலேர்ந்து அமுக்குறேன். என் விரல் தேஞ்சு போச்சு. உங்க பட்டனுக்கு ஒண்ணும் ஆகல" என்றார்.

"அமுங்கும் டீச்சர். நான் எழுதினது. லைன்லயே இருங்க" என்றாள் சூனில்தா.

மாமியார் முன் உட்கார்ந்தாள், பொய்ப் பெயர் ஒன்றை நிரப்பினாள், அமுக்கினாள். உடனே போனது. மறுபடியும் போனது.

"இங்க ஜோரா ஓடுதே" என்று அவள் போனில் சொல்ல, "அப்ப உங்க ஊர்லயே என் பேரை நீங்களே போட்டுடுங்களேன்" என்றார் டீச்சர். அதற்கு வழியில்லை. அவரவர் ஊரிலிருந்துதான் அனுப்ப வேண்டும். அப்படி ஒரு விதி.

எனக்குக் கோபம் வந்தது. ஓடுகிறதாம், ஆனால் அந்தம்மாவுக்கு ஓடாதாம். "இருடி, நான் பாக்குறேன்" என்று பக்கத்துக் கம்ப்யூட்டரில் இருந்த இன்னொரு மாமியாரைத் திறந்து அமுக்கினேன். பட்டன் செத்த மீனாகக் கிடந்தது.

"லோரே, நீ தொட்டாலே எல்லாம் நின்னுடும்" என்று சிரித்தவள், என் நாற்காலியில் உட்கார்ந்து அமுக்கினாள். போனது. எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

அப்போதுதான் அவள் சிரிப்பு நின்றது. "நான் உக்காந்ததும் முதல்ல என்னடி பண்ணேன்?"

"என்ன பண்ணுவ, வழக்கம்போல எஃப் பன்னிரண்டு அமுக்கின. கீழ அந்த ஜன்னல் வந்துச்சு."

பிழை பார்க்கிற ஜன்னல் அது. அந்தத் தொழில் செய்கிறவர்கள் உட்கார்ந்ததும் கை தானாகத் திறக்கும். பக்கத்தை இயக்குகிற ஸ்கிரிப்ட் எந்த வரி வரை ஓடியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள, 'இந்த வாசகத்தை அந்த ஜன்னலில் எழுது' என்று நடுவில் ஒரு வரி போட்டுவைப்பார்கள். வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். இவள் ஒன்றை எடுக்க மறந்துவிட்டாள். மற்ற பிரவுசர்கள் கண்டுகொள்ளவில்லை. மாமியாருக்கோ அந்த ஜன்னல் திறந்திருந்தால்தான் அப்படி ஒன்று இருப்பதே தெரியும். மூடியிருந்தால் எங்கே எழுதுவது என்று தெரியாமல் அந்த வரியிலேயே நின்றுவிடும். பிழையைத் தேடி ஜன்னலைத் திறக்கிறவளுக்கு மட்டும் பிழை தெரியாது.

"என் வரிதான்" என்றாள். ஒரு நிமிஷம்கூடச் சுணங்கவில்லை. வரியை எடுத்துத் திருத்தி வைத்தாள். ஆனால் அதைப் பக்கத்தில் ஏற்ற வேண்டியவர் அமைச்சகத்தில் ஒருவர், அவர் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருந்தார். நண்பகல் ஆக இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. தெர்லிஸ் வாசலில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

அவள் போனை எடுத்தாள். "டீச்சர், கீபோர்டுல மேல் வரிசையில எஃப் பன்னிரண்டுன்னு இருக்கும். அதை அமுக்குங்க. கீழ ஏதாவது வந்துச்சா?"

"என்னமோ பாதித் திரைக்கு வந்துடுச்சு. கெடுத்துட்டனா?"

"கெடல. அது அப்படியே இருக்கட்டும். இப்ப அனுப்புங்க."

எதிர்முனையில் மவுஸைச் சொடுக்குகிற சத்தம் கேட்டது. நான் அவள் தோளை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"நம்பர் வந்துடுச்சு" என்றார் டீச்சர் மெல்ல. "பதிவாயிடுச்சுன்னு போட்டிருக்கு. பொண்ணே, கீழ இன்னொண்ணும் எழுதியிருக்கு. 'இவ்வளவு தூரம் வந்துட்ட, இன்னும் கொஞ்சந்தான்.' இது எனக்கா?"

சூனில்தா தட்டுத் தடுமாறி நான் பார்த்தது அன்றுதான். "இல்ல டீச்சர். எழுதும்போது எனக்கு நானே சொல்லிக்கிட்டது. இத்தனை நாளா உங்களை நிறுத்தி வச்சது அந்த வரிதான். தப்பு என்னோடது."

"திட்டணும்னுதான் காலையில போன் எடுத்தேன்" என்றார் டீச்சர். "இப்ப வைக்கிறேன். காலை ஸ்கூல் விட்டு என் பொண்ணு தங்கச்சி வீட்டுக்கு வந்திருப்பா, அவகிட்ட முதல்ல சொல்லணும்."

நன்றிகூடச் சொல்லாமல் வைத்துவிட்டார். ஒரு பக்கம் சரியானால் அலுவலகம் முழுக்கப் பாராட்டு கேட்டு வாங்குகிறவள் சூனில்தா. அன்று போனைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். தெர்லிஸ் ஏதோ கேட்க வாயெடுத்தார்.

"சும்மா இருங்க சார்" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அங்க அம்மாவும் பொண்ணும் பேசிக்கிட்டிருப்பாங்க."