ஆர்.பி.எம். முள்ளும் என் மருமகளும்

எனக்கு அஞ்சாவது வரைதான் படிப்பு. எழுத்து கோணலாக வரும், நடுவில் சங்கதி மறந்தும் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

விழுப்புரத்தில் என் மருமகள் வாடகைக் கார் ஓட்டுகிறாள். அவளுக்கு இரண்டு காதும் மந்தம். மெஷின் மாட்டியிருந்தாலும் வண்டிக்குள் எல்லாம் ஒரே இரைச்சலாகத்தான் கேட்குமாம். மற்ற டிரைவர்கள் இன்ஜின் சத்தத்தை வைத்துக் கியர் மாற்றுவார்கள். இவள், இன்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று காட்டும் ஆர்.பி.எம். முள்ளைப் பார்த்து மாற்றுவாள். முள் இரண்டைத் தொட்டால் கை தானாகக் கியருக்குப் போகும். வண்டியில் ஒரு உதறல் இருக்காது.

போன மாதம் கியர் பாக்ஸ் வேலைக்குத் திண்டிவனத்தில் வண்டியை விட்டிருந்தோம். எடுக்கப் போனபோது நானும் கூடப் போனேன். ஸ்டார்ட் செய்தாள். இன்ஜின் ஓடியது, அந்த முள் மட்டும் அசையவில்லை. விடிந்தால் மரக்காணத்துக்குக் கல்யாண வாடகை.

"முள்ளு எதுக்கும்மா? சத்தத்த வெச்சி ஓட்டு" என்றார் மெக்கானிக்.

அவர் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டு சிரித்தாள். "சத்தம்தாண்ணே நமக்கு ஆவாது."

"அப்ப மீட்டரு பூட்ச்சி. நாளைக்கி மட்டும் வேற டிரைவரப் போட்டுக்க."

"போடலாம். அப்பறம் பார்ட்டி அவரையே கூப்டுக்கினு இருக்கும். நான் ஊட்ல குந்திக்கினு இருக்கணும்."

காது கேட்காதவளுக்கு யார் வண்டி கொடுப்பார்கள் என்று ஊரே கேட்ட காலத்தில் பிடித்த வேலை இது. நானாக இருந்தால் அழுதிருப்பேன். அவள் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"ஸ்பீடு முள்ளு எழும்புது. டீசல் முள்ளும் சரியா காட்டுது. அப்ப மீட்டரு சாவல, ஃபியூசும் போவல. வரும்போது நல்லா இருந்துச்சி. கியர் பாக்ஸ எறக்குன எடத்துலதாண்ணே ஏதோ வுட்டுப் போயிருக்கு."

மெக்கானிக் முணுமுணுத்துக்கொண்டே வண்டிக்கடியில் படுத்தார். கொஞ்ச நேரத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. இன்ஜினும் கியர் பாக்ஸும் சேர்கிற இடத்தில், அந்த முள்ளுக்குக் கணக்குச் சொல்கிற ஒரு சென்சார். அதற்குப் போகிற ஒயரின் பிளக்கைப் பால் கவரில் சுற்றி ரப்பர் பேண்டு போட்டிருந்தது.

"அட, வண்டி கழுவறப்ப தண்ணி பூந்துடும்னு நான்தாம்மா கட்டி வெச்சேன். மாட்ட மறந்துட்டேன்!"

"தண்ணி பூராம காப்பாத்துனீங்களே, அதுவே பெருசுண்ணே" என்றவள் என்னிடம் திரும்பினாள். "அத்தை, சாவியத் திருப்பி ஸ்டார்ட் பண்ணி முள்ளப் பாருங்க. எழுந்துச்சின்னா கை ஆட்டுங்க."

நாலு பேர் நடுவில் குரல் எழுப்ப எனக்குக் கூச்சம். கை ஆட்டச் சொன்னது நல்லதாய்ப் போயிற்று. மெக்கானிக் பிளக்கை மாட்டியதும் சாவியைத் திருப்பினேன், முள் விருட்டென்று எழுந்தது. நான் இரண்டு கையையும் ஆட்டினேன்.

மறுநாள் மரக்காணத்துக்கு அவளேதான் ஓட்டிப் போனாள். பார்ட்டி திரும்பி வரும்போதே அடுத்த வாடகைக்கும் சொல்லிவிட்டார்களாம்.

அந்தச் சென்சார் இன்ஜின் பக்கமா, கியர் பாக்ஸ் பக்கமா என்று எனக்குச் சரியாகத் தெரியாது. நான் சீட்டில் உட்கார்ந்திருந்தவள். வண்டி வேலை தெரிந்த யாராவது இதைச் சரிபார்த்து, தப்பு இருந்தால் திருத்திவிடுங்கள். அவள் படிப்பாள்.