விழாத கேக்

என் மனைவியின் அக்கா மகளை நாங்கள் என்ஜினியர் என்றுதான் கூப்பிடுவோம். கட்டடப் பொறியியல் படித்துவிட்டுப் பெரிய கட்டுமானக் கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள். பெரிய கம்பெனி என்றால் சும்மாவா? வானத்தை முட்டும் கட்டடம் கட்டினார்கள். அதில் அவள் பங்கு படிக்கட்டுக் கைப்பிடி. அதிலும் திருப்பத்தில் வரும் வளைவு மட்டும். அவள் வரைந்து கொடுத்ததை மேனேஜர் பார்க்காமலே கையெழுத்துப் போடுவாராம். ஒருநாள் வெறுத்துப்போய் வேலையை உதறிவிட்டு எங்கள் கேக் கடையில் வந்து நின்றாள்.

கடையில் அதுவரை நாங்கள் இரண்டே பேர். மனைவி அடுக்கடுக்காகக் கேக் கட்டுவாள், நான் அதை வேனில் ஏற்றிப்போய் வேகத்தடையில் கவிழ்ப்பேன். கடைசியாக ஒரு கல்யாணத்துக்கு மூன்றடுக்குக் கேக் கூழாகத்தான் போய்ச் சேர்ந்தது. இன்னொன்று விழுந்தால் கடையை இழுத்து மூடிவிடுவேன் என்று மனைவி சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள்.

அந்த நேரம் பார்த்து அதே கட்டுமானக் கம்பெனியிலிருந்து ஆண்டு விழாவுக்கு ஐந்தடுக்குக் கேக் ஆர்டர் வந்தது.

"சித்தி, இதை எங்கிட்ட விட்டுடுங்க" என்றாள் என்ஜினியர்.

வேனின் ஆட்டம், நான் பிரேக் போடும் லட்சணம் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்தாள். கேக்குக்குள் மூங்கில் குச்சித் தூண்கள், அடுக்குக்கு ஒரு பலகை, தூண்களுக்கிடையே குறுக்குச் சட்டங்கள். எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் இரண்டு மடங்காக்கினாள். கேக்குக்கும் கொஞ்சம் இடம் விடும்மா என்று மனைவி கெஞ்ச வேண்டியதாயிற்று.

வேகத்தடையில் வேன் துள்ளியது, கேக் அசையவில்லை. விழா மண்டபத்தில் படம் எடுக்க ஆட்கள் முண்டியடித்ததில் மேஜையின் கால் மடங்கியது. மனைவி கண்களை மூடிக்கொண்டாள். கேக் அடிப்பலகையோடு சறுக்கித் தரையில் இறங்கி, ஒன்றுமே நடக்காதது போல நின்றது. உச்சியிலிருந்த சர்க்கரைப் பூகூட உதிரவில்லை. மண்டபமே கைதட்டியது.

"நின்னுடுச்சுங்க" என்று மனைவி என் கையை இறுக்கிப் பிடித்தாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

பிறகு அவளுடைய பழைய மேனேஜர் கத்தியை வைத்தார். இறங்கவில்லை. இடம் மாற்றி வைத்தார். கத்திதான் வளைந்தது. இரண்டு பேர் கேக்கைப் பிடித்துக்கொள்ள, அவர் மரம் அறுப்பதுபோல் அறுத்தார். தட்டும் கையுமாக நின்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். விழாமலிருக்க எல்லாம் யோசித்த எங்கள் மேதை, அதை வெட்டித் தின்பார்கள் என்பதை யோசிக்கவில்லை.

"யாரும்மா இதைக் கட்டினது?" என்றார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

"நான்தான் சார். அந்த இடத்துல தூண் இருக்கு. இந்தப் பக்கமா வாங்க."

அவளை அவருக்கு அடையாளம் தெரிந்ததாகத் தெரியவில்லை. தரையில் மண்டிபோட்டு, அவள் விரல் காட்டிய வழியே கத்தியை ஓட்டினார். துண்டுக்குத் துண்டு, இங்கே வெட்டலாமா என்று அவளைக் கேட்டுக்கொண்டார். அவளும் ஒவ்வொரு முறையும் நன்றாகக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் சரி என்றாள்.