மச்சினி வீட்டுக்கு ஓடும் டீசல்

ஓட்மாரின் கார் இரண்டு லிட்டர் டர்போ டீசல், நூற்றைம்பது குதிரைத்திறன். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் ஐந்து லட்சம் கிலோமீட்டர் ஓடும் என்று தன் ஜெர்மன் கிராமம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஓட்டியதோ தெருக்கோடி பேக்கரிக்கு மட்டும். ரொட்டி வாங்கித் திரும்பியதும், டர்போ ஆறட்டும் என்று எஞ்சினை அணைக்காமல் ஒரு நிமிடம் உட்கார்ந்திருப்பார். அது சூடாகியிருந்தால்தானே ஆறுவதற்கு!

உல்ம் நகரத்தில் இருக்கும் தன் தங்கை லீஸ்பெத் வீட்டுக்குப் போகலாம் என்று மனைவி ஹெட்விக் கேட்கும்போதெல்லாம், "எஞ்சின் தேயும்டி" என்பார். லீஸ்பெத்தின் வாய்க்குப் பயம் என்பதைச் சொல்வதில்லை.

ஒருநாள் காரில் மஞ்சள் விளக்கு எரிந்தது. இருவரும் மெக்கானிக் உர்சுலாவிடம் போனார்கள்.

"புகை ஃபில்டர் பூரா கரி அடைச்சிருக்கு, ஐயா. வாராவாரம் நெடுஞ்சாலையில அரைமணி நேரம் விரட்டுங்க, சூட்டுல எரிஞ்சிடும். இல்லேன்னா எஞ்சினே போயிடும்."

"சும்மாவா விரட்டுறது? போக ஒரு இடம் வேணாமா?" என்றார் ஓட்மார். வேலையில்லாமல் டீசல் எரிப்பது அந்த ஊர்க்காரர்களுக்குப் பாவம் மாதிரி.

"உல்முக்குச் சரியா அரைமணி நேரம்" என்றாள் ஹெட்விக்.

அந்த ஞாயிறு இருவரும் கிளம்பினார்கள்; உல்ம் வருவதற்குள் விளக்கு அணைந்துவிட்டது. "அப்படியே திரும்பிடலாமா?" என்றார் ஓட்மார். ஹெட்விக் இறங்கித் தங்கை வீட்டு மணியை அடித்துவிட்டாள்.

"அடேயப்பா! அத்தானுக்கு எங்க ஞாபகம் வந்திருச்சே!" என்றாள் லீஸ்பெத்.

"ஃபில்டர் அடைச்சுக்கிச்சு."

"அப்ப அடுத்த ஞாயிறும் அடைக்கும். உள்ள வாங்க, உங்ககிட்டப் பேச நெறைய இருக்கு."