சேறு படிஞ்ச பாட்டில்

எங்க அத்தை வீட்டுக்காரர், அதாவது மாமா, ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேக் வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு டயலாக் விடுவாரு. "பாட்டில் எப்படியோ, புள்ளயும் அப்படித்தான். அன்னைக்குத் தெரியும்." இதக் கேட்டு நான் நிஜமாவே பயந்து செத்திருக்கேன். சிரிக்காதீங்க, எனக்கு அப்ப ஒம்போது வயசு.

மேட்டர் என்னன்னா, நானும் அத்தை பையனும் ஒரே வருசம் பொறந்தவங்க. நாங்க கடலூர், அவுங்க சிதம்பரம் அண்ணாமலை நகர்ல ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ். நாங்க பொறந்த வருசம் அத்தை பெரிய பீங்கான் ஜாடில பன்னீர் திராட்சை, சர்க்கரை, ஒரு கை கோதுமை, பட்டை, கிராம்பு எல்லாம் போட்டு ஒயின் ஊற வெச்சாங்க. வடிகட்டுனா பத்து பாட்டில் வந்துச்சாம். வருசத்துக்கு ஒன்னு கிறிஸ்துமஸுக்குத் தொறப்பாங்க. கடைசி ரெண்ட மட்டும் யாரும் தொடக்கூடாது. ஒன்னு என்னுது, ஒன்னு அவனுது. எங்களுக்குப் புதுநன்மை, அதான் மொத தடவை நற்கருணை, குடுக்குற அன்னைக்கு, கோயில்லருந்து வந்ததும், சொந்தக்காரங்க எல்லார் முன்னாடியும் தொறக்கணும்.

கிறிஸ்துமஸுக்கு எங்களுக்கு ஆளுக்கு ஒரு ஸ்பூன். எனக்கு நெனவு தெரிஞ்சப்ப அது ஜூஸ் மாதிரி இனிப்பா இருந்துச்சு. அடுத்த வருசம் இருமல் மருந்து. அதுக்கடுத்த வருசம் செம, உலர்ந்த திராட்சை வாசனை. சரி, இனிமே இப்படித்தான் ஏறிட்டே போகும்னு பாத்தா, அடுத்த பாட்டில் சப்புன்னு தண்ணி. கலர் மட்டும் வருசா வருசம் மாறிட்டே வந்துச்சு, மை ஊதாலருந்து செங்கல் கலருக்கு. ஒரே ஜாடி, ஒரே நாள், ஒரே புனல். ஆனா ஒன்னு மாதிரி இன்னொன்னு இல்ல. அப்ப என் பாட்டில் எப்படி இருக்கும்? அதான் என் டென்ஷன்.

புதுநன்மைக்கு ஒரு வாரம் முன்னாடி அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். மதியம் பெரியவங்க தூங்குறப்ப அவன் கட்டிலுக்கு அடியிலருந்து மரப்பெட்டிய இழுத்தான். வைக்கோலுக்குள்ள ரெண்டு பாட்டில், நோட்டு லேபிள் ஒட்டி எங்க பேரு எழுதி. ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பாத்தோம். அவனுது ரூபி கல்லு மாதிரி பளபளன்னு இருக்கு. என்னுது அடியில ஒரு விரல் கட்டைக்கு மண்டி.

"ஐய, சேறுடி! உன்னுதுல சேறு!"

"போடா, சாக்லேட்டா இருக்கும்."

"பாட்டில் எப்படியோ புள்ளயும் அப்படித்தான். நீ சேத்துப் புள்ள!"

அவுங்கப்பா மாதிரியே குரல மாத்தி வேற சொன்னான், பரதேசி. அவன் கிரிக்கெட் ஆடப் போனதும் நான் வேலைய ஆரம்பிச்சேன். ஈரத்துணிய வெச்சு ரெண்டு லேபிளயும் உரிச்சேன். மாத்தி ஒட்டலாம்னா பசை இல்ல. அடுப்படில போயி ஒரு கை சோறு எடுத்துட்டு வந்து பருக்கைய நசுக்கி ஒட்டிட்டேன். இப்ப பளபளா பாட்டில்ல என் பேரு. மேட்டர் ஓவர்.

ஓவர் எங்க ஆச்சு? புதுநன்மைக்கு முந்துன நாள் பாவசங்கீர்த்தனம் பண்ணணும்ல. சாமியார்கிட்ட மண்டி போட்டு, அம்மாகிட்ட பொய் சொன்னேன், ஜெபமாலை சொல்றப்ப தூங்கிட்டேன், பக்கத்து பெஞ்ச் புள்ள ரப்பர எடுத்தேன்னு வரிசையா ஒப்பிச்சேன். "வேற ஏதாச்சும் இருக்காம்மா?"ன்னு கேட்டாரு. வாய் வரைக்கும் வந்துச்சு. "இல்ல சாமி"ன்னுட்டேன். அவர்கிட்டயே ஒரு பொய். கணக்குல அதுவும் சேந்துச்சு.

அன்னைக்கு சாயங்காலமே அத்தை குடும்பம் வந்து எறங்குச்சு. சிதம்பரத்துலருந்து பஸ்ல ரெண்டு பாட்டிலயும் துண்டுல சுத்தி, கைக்கொழந்தை மாதிரி மடியிலயே வெச்சு கொண்டாந்திருக்காங்க.

மறுநாள் பூசை முடிஞ்சு, மொட்டை மாடில பந்தல், பிரியாணி. நான் வெள்ளை கவுன், தலைல பூ கிரீடம், உள்ளுக்குள்ள திருட்டு முழி. ஜட்ஜு யாருன்னா மாமாவோட பெரியப்பா. பாண்டிச்சேரிக்காரரு, பிரெஞ்சு பென்ஷன், ஒயின் விஷயத்துல அவர் சொன்னா சொன்னதுதான். அத்தை துண்ட அவுத்தாங்க. ரெண்டு லேபிள் மேலயும் எறும்பு, சாரசாரையா! சோத்துப் பருக்கைய மோப்பம் புடிச்சு வந்திருக்கு. அத்தை கட்டைவிரலால எறும்பத் தொடச்சாங்க. ஒவ்வொரு பாட்டிலயும் தலைக்கு மேல தூக்கி அடிப்பக்கமா உத்துப் பாத்தாங்க. மண்டி எவ்ளோ இருக்குன்னு பாக்குறாங்க போலன்னு நெனச்சேன்.

அத்தை பையன் கத்துனான், "அம்மா, என்னுது கிளியரா இருந்துச்சே! எப்படி சேறாச்சு?"

"பஸ்ல குலுங்கியிருக்கும்டா"ன்னாரு மாமா.

மொதல்ல என் பேரு போட்ட பாட்டில். கார்க்க இழுத்தா பாதி உதிந்து உள்ள விழுந்துடுச்சு. பெரியப்பா மோந்து பாத்தாரு. மூக்கு அப்படியே கோணிக்கிச்சு. "இத சாலட்ல ஊத்தலாம்மா"ன்னாரு. சுத்தமான வினிகர். மாடி ஃபுல்லா சிரிப்பு.

அடுத்து சேறு பாட்டில். அசைக்காம மெதுவா ஊத்துனாங்க. பெரியப்பா ஒரு வாய் வெச்சாரு, கண்ண மூடுனாரு, தொறக்கவே இல்ல. செத்துட்டாரோன்னு எல்லாரும் எட்டிப் பாக்குறாங்க. அப்புறம் சொன்னாரு, "யம்மா மருமகளே, இது எங்க ஊருல காசு குடுத்தாலும் கிடைக்காது. அடியில மண்டி கட்டியிருக்கு பாரு, பக்குவமா வயசாயிருக்குன்னு அர்த்தம்."

நான் வாங்குன பல்புலயே பெரிய பல்பு அதுதான். என் சேறு! என் சொந்த சேறு! நானே என் கையால, சோறு போட்டு, அவனுக்குத் தார வாத்துக் குடுத்திருக்கேன். வெளிய சொல்லவும் முடியாது.

மாமா எழுந்து நின்னு ஆரம்பிச்சாரு, "நான் அப்பவே சொன்னேன், பாட்டில் எப்படியோ..."

"நீங்க செத்த சும்மா இருங்க"ன்னாங்க அத்தை. "நான்தான் அந்தக் கார்க்க சரியா அடிக்கல. அதுக்குப் புள்ள என்ன பண்ணும்?"

சேறு பாட்டில்லருந்து மொத ஸ்பூன எனக்குத்தான் ஊட்டுனாங்க. கிராம்பு, உலர்ந்த திராட்சை, அப்புறம் என்னமோ ஒன்னு, மழை பேஞ்ச மரத்து வாசனை மாதிரி. நான் அழுதுட்டேன். பாவம் வினிகர் பாட்டில் புள்ளன்னு எல்லாரும் கன்னத்தக் கிள்ளுனாங்க. வினிகர அத்தை மூடி பைல வெச்சுக்கிட்டாங்க. அடுத்த ஞாயித்துக்கெழம பன்னிக்கறில ஊத்தி, மாமா சட்டிய வழிச்சுத் தின்னது தனிக் கதை.

கெளம்புறப்ப அத்தை சேறு பாட்டிலக் கழுவி, காலி பாட்டில என் கைல குடுத்தாங்க.

"அம்மா, அது என் பாட்டிலு!"ன்னு அவன் குதிச்சான்.

"நீ நாலு ஸ்பூன் குடிச்சல்ல? பாட்டில் அவளுக்கு."

எனக்குக் கோவம்னா கோவம். ஒயின் அவனுக்கு, காலி பாட்டில் எனக்கா? கலாய்க்கிறாங்கன்னே நெனச்சேன். ஒரு வாரம் அத்தைகிட்ட ஃபோன்ல பேசல. அம்மா அதுல மணி பிளான்ட் வெச்சு ஜன்னல் கம்பில கட்டிட்டாங்க. நான் அத நிமிந்துகூடப் பாக்கல.

போன மாசம் செமஸ்டர் லீவுல வந்திருந்தேன். செடிய வேற தொட்டிக்கு மாத்தலாம்னு பாட்டில அவுத்துக் கவுத்தேன். அடியில குழிவா இருக்கும்ல, அந்தக் குழிக்குள்ள ரோஸ் கலர் நெயில் பாலிஷ்ல என் பேரோட மொத எழுத்து. அத்தை கையெழுத்து. நான் பொறந்த வருசத்து நெயில் பாலிஷ்.

அங்கயே உக்காந்துட்டேன். லேபிள் உரிஞ்சிடும்னு அத்தைக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு. மாடில தூக்கிப் பாத்தது மண்டிய இல்ல. தன் புள்ள பாட்டில்தான் வினிகர் ஆச்சுன்னு தெரிஞ்சே வாய மூடிக்கிட்டு, அத்தனை பேர் முன்னாடி தன் மேல பழியப் போட்டுக்கிட்டு, என் பாட்டில என்கிட்டயே குடுத்துட்டுப் போயிருக்காங்க. நான் என்னடான்னா ஒரு வாரம் பேசல.

உடனே ஃபோன் போட்டேன். "அத்தை, அந்த ஒயின் பாட்டில் அடியில..."

அந்தப் பக்கம் சிரிப்பு, மூச்சு வாங்குற சிரிப்பு.

"அடிப்பாவி, பத்து வருசமா அந்த பாட்டில நீ ஒரு தடவகூட கழுவலியாடி?"