பெட்டியில் தொங்கும் சீட்டு

அலமாரி மேல் இருக்கும் நீலப் பெட்டியின் கைப்பிடியில் அந்தச் சீட்டு இன்னும் தொங்குகிறது. ஈப்போவில் பழைய சாமான் கடையில் வாங்கியபோதே அது கட்டித்தான் இருந்தது. விமானத்தில் போய் வந்த பெட்டி என்று நினைத்துக்கொண்டேன். ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் நான் படித்தது இரண்டு வருஷம். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். ஆங்கில எழுத்து தெரியாது. அதை ஒரு குறையாக நினைத்ததுமில்லை. பால்மரம் வெட்டி, அம்மா போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவள் நான். யார் முன்னாலும் தலைகுனிந்து நின்றதில்லை.

அந்தத் தம்பிக்குத்தான் போதைப்பொடிப் பழக்கம் வந்தது. கம்பெனிக்காரர்கள் தோட்டத்தை விற்று எங்களை இந்த அடுக்குமாடிக்கு அனுப்பிய பின், வேலையில்லாத ஆண்கள் மாடிப்படியில் கூடினார்கள், அங்கே பிடித்துக்கொண்டது. முதலில் என் தோடு காணாமல் போனது. பிறகு அவன் உடம்பில் இருந்த சதை. போலீஸ் பிடித்து மறுவாழ்வு நிலையத்தில் போட்டதும், கேட்டவர்களுக்கெல்லாம் "சிங்கப்பூர்ல வேலை" என்றேன். அவனை வெளியே விடும் நாளில், நீலப் பெட்டியில் புதுச்சட்டையும் சாக்லேட்டும் அடுக்கிக்கொண்டு நிலையத்து வாசலில் போய் நின்றேன். பிளாஸ்டிக் பையோடு வந்தவன் பெட்டியை வாங்கினான், சீட்டைப் பார்த்தான், தோள் குலுங்கச் சிரித்தான். எத்தனையோ மாதம் கழித்துக் கேட்ட சிரிப்பு.

"என்னடா?"

"ஒன்னுமில்லக்கா. நல்ல பெட்டி."

பஸ்ஸில் வழிநெடுக அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தான்.

சாக்லேட்டை மாடி முழுக்கக் கொடுத்தேன். எதிர்வீட்டுக்காரி பெட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சிங்கப்பூர் சாப்பாடு ஒத்துக்கலயா தம்பி? இப்படி எளச்சிட்ட!" என்றாள். அவன் தரையைப் பார்த்தான். வாரம் ஒருமுறை அவனிடம் பேச நிலையத்திலிருந்து ஓர் ஆள் வந்தார். அக்கம்பக்கம் பார்க்குமே என்று கதவிலேயே திருப்பி அனுப்பினேன்.

"அக்கா, எதிர்வீட்டம்மா மவனும் அங்க என்கூடத்தான் இருந்தான். இப்ப வந்துட்டான். ரெண்டு பேரும் பேசிக்கிட்டா தாங்கிக்குவோம். நான் எங்க இருந்தேன்னு சொல்லிடறேன்க்கா."

"வாயத் தொறந்தியோ, இந்த வீட்டுப் படி மிதிக்காத."

அவன் திறக்கவில்லை. மூன்றாம் மாதம், சந்தைக்குப் பின்னாலிருந்த கழிப்பறையில் கையில் ஊசியோடு செத்துக் கிடந்தான். அதையும் நெஞ்சுவலி என்றுதான் சொன்னேன்.

போன மாதம் அலமாரித் தூசு தட்ட எதிர்வீட்டுக்காரி வந்தாள். எனக்கு வயதாகிவிட்டது, இப்போது கை மேலே எழும்புவதில்லை.

"இந்தச் சீட்ட இன்னுமா வச்சிருக்கீங்க? இது பஸ்ல சாமான் ஏத்துற சீட்டுலா. ஆயர் தாவார்னு நம்ம பக்கத்து ஊருப் பேருதான் போட்டிருக்கு. அன்னிக்கே பாத்தேன்."

"அப்ப ஏன் கேக்கல?"

"எம்மவன் ஜொகூர்லன்னு சொன்னேனே, நீங்க கேட்டீங்களா?"

மேல்மாடி வீட்டில் ஒருவன் புருணையில் இருந்தான். கீழ்வீட்டில் ஒருவன் கப்பலில். எல்லாரும் அந்த ஒரே நிலையத்தில்தான் இருந்திருக்கிறார்கள். இன்று பொடி போய் ஐஸ் என்று வேறு போதை வந்திருக்கிறது என்கிறார்கள். மாடிப்படியில் வேறு முகங்கள். வீடுகளில் வேறு ஊர்ப் பெயர்கள்.

அவள் பெட்டியைத் துடைத்து மேலே வைத்துவிட்டுப் போய்விட்டாள். வீட்டில் நான் ஒருத்திதான். கட்டிலில் படுத்தால் அந்தச் சீட்டுத்தான் கண்ணுக்கு நேரே ஆடுகிறது. தம்பி நன்றாகப் படித்தவன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவனுக்கு அன்றைக்கே தெரியும். அக்கா வெட்கப்படக் கூடாதென்று, நல்ல பெட்டி என்று மட்டும் சொன்னான்.