அரக்கும் பச்சையும் கலந்த கெண்டைகள்

கட்டைவிரல் உயரத்தில் ஒரு பிளாஸ்டிக் குப்பி. அதில் முக்கால்வாசி ஸ்பிரிட். அதற்குள் மீன் துடுப்பின் ஓரத்தில் கத்தரித்த, நகத்துண்டு அளவுள்ள ஒரு துணுக்கு. நான் பயப்படும் பொருள்களின் பட்டியலில் ரத்த அழுத்தக் கருவிக்கும் மேலே இந்தக் குப்பிக்குத்தான் இடம்.

காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் நான் உதவியாளன். சில வருடங்களுக்கு முன் அங்கே ஆராய்ச்சிக்கு வந்தவர் மேடம். முசரவாக்கத்து விவசாயக் குடும்பம். சேற்றில் இறங்கத் தயங்கமாட்டார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். அவர் என்னை அண்ணா என்பார், நான் அவரை மேடம் என்பேன். அந்த ஏற்பாட்டில் இருவருக்கும் மரியாதை குறையவில்லை.

எங்கள் பாலாற்றில் தண்ணீர் வருவதும் எங்கள் வீட்டில் என் பேச்சு எடுபடுவதும் அபூர்வம். வந்தால், முட்டையிடுவதற்காக வெள்ளத்தை எதிர்த்து மேலே ஏறும் கெண்டைகள் உண்டு. வாலாஜாபாத் பக்கம் தடுப்பணை வந்தபிறகு அவற்றின் வழி அடைபட்டுவிட்டது. மேலே மடுக்களில் தங்கியவை மேலேயே, கீழே இருப்பவை கீழேயே. மேலே உள்ளவை தமக்குள்ளேயே பெருகிப் பெருகி ரத்தத்தில் வகை குறைந்துபோகின்றனவா என்பதுதான் மேடத்தின் கேள்வி. எனக்கு அவர் சொன்ன விதம் வேறு: “அத்தை பொண்ணு, மாமா பையன்னு ஒரே வீட்டுக்குள்ளயே நாலு தலைமுறை கட்டிக்கினு இருந்தா இன்னா ஆவும்ணா? ஒரு நோய் வந்தா ஊரே படுத்துடும்.” மாமன் மகளைக் கட்டிய நான் அதன்பிறகு இரண்டு நாள் மேடத்திடம் சரியாகப் பேசவில்லை.

ஒவ்வொரு குப்பிக்குள்ளும், மீன் எங்கே பிடிபட்டது என்று பென்சிலால் எழுதிய சிறு சீட்டு ஒன்றைப் போடுவது அவர் வழக்கம். துடுப்பைக் கத்தரித்ததும் மீனை ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும். “மீன் கையில இருக்கறப்போ பேசாதீங்கண்ணா, அதோட மூச்சு நம்ம பேச்சுல போவுது” என்பார். அந்த வருடம் அணை வழிந்த அன்று தூறல். எழுத எழுதச் சீட்டு நனைந்து கிழிந்தது, அதுவரை கையில் காத்திருந்த மீன்கள் வாயைப் பிளந்தன. நெசவுக்காரன் மூளை எனக்கு வேலை செய்தது. வீட்டுத் தறியில் மிஞ்சிய பட்டு இழைகள் எப்போதும் என் சட்டைப்பையில் கிடக்கும். அணைக்கு மேலே பிடித்த மீனின் குப்பிக்கு அரக்கு இழை, கீழே பிடித்ததற்குப் பச்சை. கழுத்தில் இரண்டு சுற்று சுற்றி மூடிவிடலாம் என்றேன். மேடம் யோசித்தார். எங்கள் சாயம் நூறு தடவை அலசினாலும் போகாது என்று பரம்பரைப் பெருமையை அவிழ்த்துவிட்டேன். அரை மனதாகச் சரி என்றார்.

சாயம் தண்ணீருக்குத்தான் அஞ்சாது. ஸ்பிரிட்டுக்கு அஞ்சும் என்பது என் பரம்பரையில் யாருக்கும் தெரியாது; எங்கள் வீட்டில் புடவையை யாரும் ஸ்பிரிட்டில் துவைத்ததில்லை. நான் மூடி திருகும் மரையிலேயே இழையைச் சுற்றியிருந்ததால் மூடி இறுகவில்லை. இரண்டு பையைத் தூக்கச் சோம்பல்பட்டு எல்லாவற்றையும் ஒரே தகரப்பெட்டியில் போட்டு, குண்டும் குழியுமான சாலையில் வண்டியில் கட்டிக்கொண்டு வீடு வந்தேன். காலையில் திறந்தால் அடியில் ஸ்பிரிட் குளம். அரக்கு, பச்சை எல்லாம் ஊறி ஒன்றாகி, ஓரத்தில் நிமிர்ந்து நின்ற ஏழு குப்பிகளைத் தவிர மற்றவற்றின் இழைகளெல்லாம் கருவாட்டு நிறத்தில் இருந்தன. மேல் எது, கீழ் எது என்று மீனைப் பெற்றவளுக்கே தெரியாது.

அடுத்த அரைமணி நேரத்தில் நான் மூன்று முறை ராஜினாமா செய்தேன், ஒரு முறை நெஞ்சுவலியால் இறந்தேன், பிறகு எழுந்து புது இழை எடுத்து, நனைந்தவற்றில் பாதிக்கு அரக்கு, பாதிக்குப் பச்சை என்று குத்துமதிப்பாகக் கட்டினேன். மீன் வந்தா சாட்சி சொல்லப்போகிறது என்று எனக்கு நானே ஆறுதல் வேறு.

கல்லூரி வாசல் வரை அந்த ஆறுதல் தாங்கியது. மேடம் சொல்லியிருந்தது அங்கேதான் உறைத்தது. இரண்டு பக்கத்து மீனும் ஒரே மாதிரி என்று முடிவு வந்தால், அணையால் குறை எதுவும் இல்லை என்றாகிவிடும். மீன் ஏற வழி விடச் சொல்லிக் கேட்க யாருக்கும் வாய் இருக்காது. நான் கலந்து கட்டிய குப்பிகள் வேறு எந்த முடிவைத் தரும்? பொய்யைச் சொல்லப்போவது நான், மாட்டிக்கொள்ளப்போவது கெண்டை.

பெட்டியை மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒத்திகை பார்த்திருந்த பேச்சு நெடியது. வந்தது நாலு வரி. கடைசியில், “நான் கட்டுனது பொய் முடிச்சு மேடம்” என்றேன். அவர் ஒவ்வொரு குப்பியாக எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும் போலிருந்தது.

“நீங்க கட்டுனது எல்லாத்தையும் அவுத்துடுங்கண்ணா. சரின்னு சொன்னது நானு, பாதித் தப்பு என்னுது.” பிறகு, “மீதிப் பாதிக்கு நீங்க தண்ணில எறங்குங்க.”

நனையாமல் தப்பிய அந்த ஏழு குப்பிகளை மட்டும் எடுத்துவைத்தார். அன்றே ஆற்றுக்குப் போனோம். தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று நாள் இடுப்பளவு நீரில் நின்றேன். முதல் தடவை நாங்கள் கத்தரித்துவிட்ட கெண்டை ஒன்று வலையில் மறுபடி வந்தது. என்னை அது பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. நான்காம் நாள் அணையில் வழிவது நின்றுபோனது, மீன் வரத்தும் நின்றது. முதலில் எடுத்ததில் பாதிகூடத் தேறவில்லை.

மேடம் இப்போது வடக்கே எங்கோ ஒரு பெரிய ஆற்றங்கரையில் வேலையில் இருக்கிறார். போன மாதம் தம் ஆய்வேட்டின் பிரதி ஒன்றை அனுப்பியிருந்தார். என் அரைகுறை ஆங்கிலம், அகராதி, என் மகள் என்று மூவர் துணையோடு படித்தேன். அணைக்கு மேலே உள்ள கெண்டைகளில் வகை குறைந்துவருவதாகத் தெரிகிறது என்று எழுதியிருக்கிறார். அடுத்த வரியிலேயே, உறுதியாகச் சொல்ல மீன்கள் போதவில்லை, முதல் நாள் மாதிரிகளில் பெரும்பாலானவை அடையாளம் கலந்ததால் நீக்கப்பட்டன என்றும். யாரால் கலந்தது என்று இல்லை. முன்பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்தில், ஆற்றில் உடன் இறங்கியவர் என்று என் பெயர் இருக்கிறது.

மகள் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து உறவுக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினாள். வாழ்த்துகள் குவிந்தன. அடையாளம் கலந்ததைச் சொல்லும் பக்கத்தையும் நான் அனுப்பச் சொன்னேன். எதற்குப்பா என்றாள். அதிலும் நான்தான் இருக்கிறேன் என்றேன்.