குறுக்கே ஓடிய ரேகை

செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு கட்டடக்கலைக் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரங்களின் பிற்பகுதியில் அங்கே ஒரு சி.என்.சி. இயந்திரம் வந்தது. கணினியில் வரைந்ததை அது அப்படியே பலகையில் வெட்டித் தரும். அதைச் சொல்லிக்கொடுக்கும் வேலை எனக்கு வந்தது.

என் வகுப்பில் ஒரு விதி உண்டு. செய்ததன் மேல் செய்தவர்களே முதலில் ஏற வேண்டும். திரையில் எதுவும் உடைவதில்லை, மரம் என்ன செய்யும் என்று காலுக்குத்தான் தெரியும் என்பேன். பிள்ளைகளுக்கு அது பிடித்திருந்தது. எனக்கும்தான், என் மகள் அந்த வகுப்புக்கு வரும்வரை.

வகுப்பில் அவள் என்னை மேடம் என்பாள். அவள் குழு ஒரு சின்ன வளைவுப் பாலம் செய்தது. ஆணி இல்லை, ப்ளைவுட் சட்டங்களை ஒன்றுக்குள் ஒன்று செருகிக் கட்டியது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரத்தில், இரண்டு பாறைகளுக்கு நடுவே அதை வைத்தார்கள். அடியில் மணல் கொஞ்சம், கல் நிறைய.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். வளைவின் உச்சியை நெருங்கியபோதுதான் என் கண்ணில் பட்டது. எல்லாச் சட்டங்களிலும் மரத்தின் நார் ரேகை நீளவாக்கில் ஓடியது. உச்சிக்குக் கீழே ஒன்றில் மட்டும் குறுக்கே. ஒரே பலகையில் எல்லாத் துண்டுகளையும் அடக்குவதற்காகக் கணினி அதைத் திருப்பிப் போட்டிருக்கிறது. திரையில் பலகை வெறும் வெள்ளைக் கட்டம், அதற்கு ரேகை கிடையாது. யாரும் கவனிக்கவில்லை. குறுக்கு ரேகையில் எடை விழுந்தால் சட்டம் அப்பளம் மாதிரி முறியும்.

கத்தினால் பதறிக் குதித்துவிடுவாளோ என்று பயம். பாலத்துக்கு அடியில் புகுந்து அந்தச் சட்டத்துக்குத் தோள் கொடுத்தேன்.

"இன்னா மேடம், உள்ள பூந்துட்டீங்க? தூணுக்கு பதிலா நீங்களா?" என்றான் அவள் குழுவில் இருந்த ஒரு கடப்பாக்கத்துப் பையன். எல்லோரும் சிரித்தார்கள்.

மேலிருந்து மகள் சொன்னாள்: "மேடம், வெளிய வாங்க. அடியில யாரும் நிக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"அப்படியே உக்காரு. குதிக்காத. முன்னாடி ஒரு சட்டத்துல ரேகை குறுக்க இருக்கு."

அவள் குனிந்து பார்த்தாள். மெதுவாக உட்கார்ந்து, பிறகு குப்புறப் படுத்து, வந்த வழியே பின்னால் ஊர்ந்தாள். படாரென்று ஒரு சத்தம். என் தோளில் இருந்தது இரண்டாகத் தொங்கியது. அதற்குள் அவள் கை பாறையைப் பிடித்திருந்தது.

பாலத்தின் அடியிலிருந்து வெளியே வந்தேன். "இனிமே மணல் மூட்டை வச்சுப் பாத்துட்டுத்தான் ஆள் ஏறணும்" என்றேன்.

"மூட்டைக்கும் மார்க் உண்டா மேடம்?" என்றான் அந்தப் பையன். இந்தத் தடவை மகள் சிரிக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினாள். "இத்தன வருஷமா எல்லாரும் ஏறினாங்க. அப்பல்லாம் மூட்டை இல்ல. நான் ஏறினா மட்டும் மூட்டையா?"

"உடைஞ்சுதுல்ல?"

"உடைஞ்சதாலதான் என்ன தப்புன்னு தெரிஞ்சுது. அந்தச் சட்டத்த திருப்பி வெட்டிட்டு மறுபடி ஏறுவோம். அன்னிக்கு நீ வராதம்மா."

சரி என்றேன். புதிய பலகை போட்டபோது ஒவ்வொரு துண்டுக்கும் ரேகை போகும் திசையில் பென்சிலால் அம்புக்குறி போட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர்கள் போகும் நாளில் வீட்டில் துணி மடித்தேன், மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தேன். பிறகு பஸ் ஏறிவிட்டேன்.

ஈ.சி.ஆர். சாலையில் இறங்கி, சவுக்குத் தோப்பு வழியாக வேகமாக நடந்தேன். நான் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மணல் மூட்டைகளைப் பாலத்திலிருந்து இறக்கிப் பாறை ஓரமாகப் போட்டிருந்தார்கள். பாலத்தின் மேல் குழு மொத்தமும் கால்களைத் தொங்கப்போட்டுக்கொண்டு சுண்டல் தின்றுகொண்டிருந்தது. உச்சியில் என் மகள்.

"மேடம்! மேல வாங்க, எடம் கீது!" என்று பையன் கத்தினான்.

மகள் என்னைப் பார்த்தாள். பிறகு இன்னொரு பிடி சுண்டல் எடுத்துக்கொண்டாள். நான் கீழே நின்று ஒவ்வொரு சட்டமாக ரேகையைப் பார்த்தேன். எல்லாம் நீளவாக்கில்தான் ஓடின. மறுபடி முதல் சட்டத்திலிருந்து பார்க்கத் தொடங்கினேன்.